கதவில் வரும் கஞ்சி

செவ்வாய், ஆன்ட்வெர்ப்

இந்தப் பயணம் முழுக்க ஒரே ஒரு ஓவியத்துக்காக. பீட்டர் ப்ரூகெல் 1568 வாக்கில் வரைந்த ‘குடியானவர் கல்யாணம்’. ஓவியம் தொங்குவது வியன்னாவில். ஆனால் அதில் இருக்கும் ஆட்கள், களஞ்சியம், குடுவைகள் எல்லாம் இங்கே, இன்றைய பெல்ஜியத்தின் பிராபன்ட் மண்ணைச் சேர்ந்தவை. அதனால் முதலில் ஓவியர் தொழில் செய்த ஊர், பிறகு அவர் சுற்றித் திரிந்த கிராமங்கள், கடைசியில் ஓவியம் என்று வழி போட்டிருக்கிறேன். கூட வருவது அக்கா. ஊரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். பந்தியை அவள் பார்க்கிற பார்வை எனக்கு வராது, அதனாலேயே அவளைக் கூட்டி வந்தேன்.

ப்ரூகெல் 1551இல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அன்றைக்கு வட ஐரோப்பாவின் பெரிய சந்தை இந்த ஊர்தான். மிளகும் துணியும் சர்க்கரையும் கைமாறிய துறைமுகம், காசு புழங்கிய இடம். அவர் பெயர் முதலில் பரவியது வண்ண ஓவியங்களால் அல்ல, செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்களால். ஹியரோனிமஸ் கோக் என்ற பதிப்பாளர் ‘நான்கு காற்றுகள்’ என்று பெயரிட்ட கடை ஒன்று வைத்திருந்தார். ப்ரூகெல் வரைந்து கொடுப்பார், அவர் செதுக்கச் சொல்லி அச்சிட்டு விற்பார்.

அவர் வரைந்து அச்சான படங்களில் இரண்டு கெர்மிஸ் படங்கள் உண்டு. கெர்மிஸ் என்பது ஊர்த் திருவிழா. தேவாலயம் அர்ச்சிக்கப்பட்ட நாளையோ அதன் புனிதருடைய நாளையோ ஒட்டி ஆண்டுதோறும் வரும். காலையில் பூசை, தேர்ப்பவனி மாதிரியான ஊர்வலம், பிறகு நாடகம், அம்பு விடும் போட்டி, நடனம், குடி. ஒரு படம் ஹோபோகன் கிராமத்துக் கெர்மிஸ், 1559இல் வரைந்தது. ஹோபோகன் இன்று ஆன்ட்வெர்ப்புக்குள்ளேயே வந்துவிட்டது, டிராமில் போகலாம். மத்தியானம் போய் வந்தோம். அடுக்குமாடிகளும் கடைகளும்தான். ப்ரூகெல் படத்தின் வண்டிப்பாதையை அங்கே தேடி இனிப் பயனில்லை.

அந்தப் படத்தின் அடியில் நாலு வரிப் பாட்டு அச்சிட்டிருக்கிறார்கள். குடியானவர்கள் இப்படிப்பட்ட விழாக்களில் ஆடிக் குதித்து மிருகம்போல் குடித்துக் களிக்கிறார்கள், பட்டினி கிடந்து குளிரில் செத்தாலும் கெர்மிஸை விடமாட்டார்கள் என்பது அதன் சாரம். இன்னொரு படம் புனித ஜார்ஜ் விழா. அதில் சத்திரத்துக் கொடியிலேயே எழுதியிருக்கிறது: ‘குடியானவர்கள் தங்கள் கெர்மிஸைக் கொண்டாடட்டும், விடுங்கள்.’ ஒன்று திட்டுகிறது, மற்றொன்று விட்டுவிடச் சொல்கிறது. யாரைப் பார்த்துச் சொல்கிறது? 1531இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கெர்மிஸ்களை ஒரே நாளோடு முடிக்க வேண்டும் என்று ஆணை போட்டிருந்தார். நாள்கணக்கில் நீண்ட விழாக்களால் சண்டையும் கலகமும் வரும் என்ற பயம். அந்த ஆணை நினைவில் இருந்தவர்களுக்கு அந்தக் கொடியின் வாசகம் வெறும் அலங்காரமாய்ப் பட்டிருக்காது.

சாயங்காலம் மேயர் வான் டென் பெர்க் அருங்காட்சியகம். வீடு மாதிரியே இருக்கும் இடம். ஃபிரிட்ஸ் மேயர் வான் டென் பெர்க் என்ற சேகரிப்பாளர் 1894இல் கொலோன் ஏலத்தில் ப்ரூகெலின் ‘பைத்தியக்கார கிரீட்’டை 488 பிராங்குக்கு வாங்கினார். அன்றைக்கு ப்ரூகெலுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஃபிரிட்ஸ் இளவயதில் இறந்துபோக, மகனுடைய சேகரிப்புக்கென்று தாய் ஹென்றியெட் கட்டிய கட்டடம் இது.

தூங்கப் போகும் முன் ஒரு கதை. 1604இல் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய காரெல் வான் மாண்டர் சொல்வது: ப்ரூகெலும் ஹான்ஸ் ஃபிராங்கெர்ட் என்ற வியாபாரி நண்பரும் குடியானவர் உடை போட்டுக்கொண்டு கிராமத்துக் கெர்மிஸ்களுக்கும் கல்யாணங்களுக்கும் போவார்களாம். பெண் வீட்டுச் சொந்தம் என்றோ மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்றோ சொல்லிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே மொய்யும் வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். ப்ரூகெல் இறந்து 35 ஆண்டு கழித்து எழுதியது, எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. அக்காவிடம் சொன்னதும், “ரெண்டு வீட்டுக்கும் நடுவுல புகுந்து சாப்பிட்டுட்டுப் போற ஆளுங்க எல்லாக் கல்யாணத்துலயும் உண்டு. ஆனா மொய் வச்சாருல்ல, அப்ப மரியாதைப்பட்ட ஆளுதான்” என்றாள்.

புதன், பிரஸ்ஸல்ஸ்

ரயிலில் முக்கால் மணி நேரம். ப்ரூகெல் 1563இல் இங்கே குடிவந்தார். சாப்பல் தேவாலயத்தில் அந்த ஆண்டு மேய்க்கன் கூக்கைக் கல்யாணம் செய்துகொண்டார், 1569இல் அதே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நடுவில் ஆறே ஆண்டுகள். நாம் இன்று ப்ரூகெல் என்று சொல்லும் பெரிய ஓவியங்களில் பாதிக்கு மேல் அந்த ஆறு ஆண்டுகளில் வந்தவை. தேவாலயத்தில் அவர் நினைவிடத்துக்காக மகன் யான் ஏற்பாடு செய்து ரூபென்ஸ் வரைந்த படத்தின் நகல் இருக்கிறது. மூலம் பெர்லினில்.

பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் ‘பெத்லகேமில் மக்கள் கணக்கெடுப்பு’ முன்னால் நெடுநேரம் நின்றோம். 1566. விவிலியக் கதைதான், ஆனால் நடப்பது பனி மூடிய பிராபன்ட் கிராமத்தில். சத்திரத்து ஜன்னலில் கூட்டம் முண்டியடிக்கிறது, உள்ளே வரி வாங்குகிறார்கள். முன்னால் பன்றி அறுக்கிறார்கள். உறைந்த குளத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மரியாள் கழுதையில் வருகிறாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த 1566ஐச் சொல்லாமல் கல்யாண ஓவியத்தைப் பேச முடியாது என்பது என் எண்ணம். 1564-65 குளிர்காலம் கொடூரமாய் இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் பால்டிக் கடல் வழி வரும் தானியம் போரினால் தடைப்பட்டது. இந்த நாடு தன் தானியத்தில் நல்ல பங்கை அங்கிருந்துதான் வரவழைத்துக்கொண்டிருந்தது. விலை தலைக்கு மேல் ஏறியது. 1566ஐப் பஞ்ச ஆண்டு என்றே வரலாற்றில் குறிக்கிறார்கள். அதே ஆண்டு கோடையில் புராட்டஸ்டன்ட் கூட்டத்தார் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். மறு ஆண்டு, அன்று இந்த நாட்டையும் ஆண்ட ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆல்பா கோமகன் பத்தாயிரம் வீரர்களோடு பிரஸ்ஸல்ஸில் வந்து இறங்கினார். விசாரணை மன்றம், தூக்கு, சொத்துப் பறிப்பு. 1568 ஜூன் 5 அன்று எக்மொன்ட், ஹோர்ன் என்ற இரண்டு பிரபுக்களை ஊர் நடுச் சதுக்கத்திலேயே தலை வெட்டினார்கள். ப்ரூகெல் குடியிருந்த ஊரில். அந்தச் சதுக்கத்தில் இன்று வாஃபிள் விற்கிறார்கள், கூட்டம் செல்ஃபி எடுக்கிறது.

அந்தக் காலத்தில்தான் அவர் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பந்தியை வரைந்திருக்கிறார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். சாகும்போது, வாசகங்கள் மிகக் காட்டமாய் இருந்த சில வரைபடங்களை எரித்துவிடும்படி மனைவியிடம் சொன்னார் என்று வான் மாண்டர் எழுதியிருக்கிறார்.

பிற்பகல் இசைக்கருவி அருங்காட்சியகம். நான் பார்க்க வந்தது பைக்குழல். தோல் பை, வாயால் ஊத ஒரு குழல், விரல் வைத்து வாசிக்க ஒரு குழல், சுருதி பிடிக்க மேலே நிமிர்ந்து நிற்கும் இரண்டு நீளக் குழல்கள். பிராபன்ட்டில் இந்தக் கருவி வழக்கொழிந்தே போயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதை மீண்டும் செய்ய முற்பட்டவர்களுக்கு ப்ரூகெலின் படங்கள் முக்கியமான ஆதாரம். எத்தனை குழல், என்ன நீளம், பை எங்கே இடுக்கப்படுகிறது என்று ஓவியத்தைப் பார்த்து அளவெடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நம்பகமாய் வரைந்து வைத்திருக்கிறார் மனிதர். கேலிக்காக வரைகிறவன் சுருதிக் குழலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படுவானா?

வியாழன், சிந்த்-அன்னா-பேடே

பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே பாயொட்டன்லாந்து என்ற நாட்டுப்புறம். பேருந்தில் வந்து இறங்கினால் நகரம் சட்டென்று முடிந்துவிடுகிறது. மெல்ல ஏறி இறங்கும் நிலம், மாடுகள், தலை வெட்டி வளர்த்த வில்லோ மரங்கள், ஓடைக்கரையில் சேறு. சிந்த்-அன்னா-பேடேயின் சின்னத் தேவாலயம் ப்ரூகெலின் ‘குருடர்கள்’ ஓவியத்தில் பின்னணியில் நிற்கிறது என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஓவியம் நேபிள்ஸில் இருக்கிறது, தேவாலயம் இங்கேயே இருக்கிறது. சுற்றுப் பாதையில் அவருடைய ஓவியங்களின் பிரதிகளை ஆங்காங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. நடந்தே பார்த்தோம்.

இந்த ஊர்ப்பக்கத்து பியர் லாம்பிக். காய்ச்சிய தானியச் சாற்றைத் திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுகிறார்கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வந்து புளிக்க வைக்கும். அதனால் குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். பார்லியோடு முப்பது சதவீதத்துக்குக் குறையாமல் முளைகட்டாத கோதுமையும் சேரும். மரப்பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு வரை கிடக்கும். புதியதையும் பழையதையும் கலந்து புட்டியில் அடைத்தால் அது குயஸ். நான் லாம்பிக்கில் ஒரு வாய் குடித்தேன். நல்ல புளிப்பு, நுரை குறைவு. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, “நீராகாரம் ரெண்டு நாள் கிடந்த மாதிரி வாசம்” என்று குவளையைத் தள்ளிவிட்டாள்.

அவள் விரும்பிச் சாப்பிட்டது ரைஸ்ட்பாப். பாலில் குழைய வேகவைத்த அரிசி, குங்குமப்பூ போட்டு மஞ்சளாக்கி, மேலே பழுப்புச் சர்க்கரை. சொர்க்கத்தில் இதைத் தங்கக் கரண்டியால் சாப்பிடுவார்கள் என்று இங்குள்ள டச்சு பேசும் ஃபிளெமிஷ்காரர்கள் சொல்வதுண்டு. ப்ரூகெல் ஓவியத்தில் தட்டுத் தட்டாய் வருவதும் இதுதான் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு அரிசி கடல் தாண்டி வந்த விலையுயர்ந்த சரக்கு. உள்ளூர்க் கோதுமைக் கஞ்சியாகவோ ஓட்ஸ் கஞ்சியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கெர்மிஸ் இன்றும் ஊருக்கு ஊர் உண்டு. ராட்டினம், பொரித்த உருளைக்கிழங்கு, பித்தளை வாத்தியம். உணவகத்தில் பரிமாறிய பெரியவர், தன் சின்ன வயதில் கெர்மிஸுக்குத்தான் புதுச் சட்டை வாங்குவார்கள் என்றார். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நீள மேசை போட்டு உட்காருவார்களாம்.

வெள்ளி, ரயிலில்

நாள் முழுக்கப் பயணம். ஜெர்மனியைக் குறுக்கே கடந்து வியன்னா. ஓவியமும் இதே திசையில்தான் போனது. தாழ்நாடுகள் என்று அன்று அழைத்த இந்தப் பகுதிக்கு ஆளுநராய் வந்த, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து இளவரசர் எர்ன்ஸ்ட் 1594இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு ‘குடியானவர் கல்யாணம்’ வாங்கினார். அவர் மறு ஆண்டே இறந்தார். அண்ணன் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு ப்ரூகெல் மீது தீராத ஆசை. குடும்பச் சொத்தாகி, பேரரசே போன பின்னும் ஓவியங்கள் வியன்னாவில் தங்கிவிட்டன.

சனி, வியன்னா

கலை வரலாற்று அருங்காட்சியகம், பத்தாம் அறை. உலகத்தில் ப்ரூகெல் ஓவியங்கள் ஒரே இடத்தில் அதிகம் இருப்பது இங்கேதான். காலை திறந்ததும் நுழைந்து நேரே அங்கே போனோம்.

ஓக் மரப் பலகை. 114 சென்டிமீட்டர் உயரம், 164 அகலம். புத்தகத்தில் பார்த்ததைவிட ஆட்கள் பெரியவர்களாய், பக்கத்தில் இருப்பது போல இருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் பந்தி. மேசை இடமிருந்து வலமாய் நேராக இல்லாமல் கோணலாக உள்ளே ஓடுகிறது. வலது முன்புறத்தில் இரண்டு பேர், வெள்ளை முன்கட்டு கட்டியவர்கள், பிடுங்கி எடுத்த ஒரு கதவைக் கழிகளில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். அதன் மேல் வரிசையாய்க் கஞ்சித் தட்டுகள், சிலதில் வெளுப்பு, சிலதில் மஞ்சள். மேசை முனையில் இருப்பவர் திரும்பிக் கை நீட்டித் தட்டை எடுத்து உள்ளே கடத்துகிறார். அந்த ஒரு கை இல்லாவிட்டால் ஓவியம் இரண்டாய்ப் பிரிந்திருக்கும்.

அக்கா முதலில் பார்த்தது அவர்கள் நடையை. “சிந்தாம வர்றாங்க பாரு. ரெண்டு பேரும் ஒரே அடி வைக்கணும், இல்லன்னா சரிஞ்சிரும்.” கதவுக்குக் கீழே ஒரு கால் கூடுதலாகத் தெரிகிறது, யாருடையது என்று இன்னும் பேசித் தீரவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “பந்தி நடுவுல யாரு காலு யாருதுன்னு தெரியவா செய்யும்?” என்றாள்.

பிறகு கேட்டாள்: “ஏண்டி, மாப்பிள்ளை எங்க?”

“அதுதாங்க்கா யாருக்கும் தெரியல.”

மணப்பெண் தெளிவாய்த் தெரிகிறாள். பின்னால் பச்சைத் துணி, அதில் தொங்கும் காகிதக் கிரீடம், தலையில் வளையம், அவிழ்த்து விட்ட கூந்தல், சிவந்த கன்னம். கை கோத்து, பார்வை தாழ்த்தி, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று ஒரு நாள் அவள் எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது வழக்கம் என்கிறார்கள். மாப்பிள்ளை, தட்டைக் கடத்துகிறவர் என்று சிலர் சொல்கிறார்கள். இடது மூலையில் குடுவைக்குக் குடுவை ஊற்றிக்கொண்டிருப்பவர் என்று சிலர். மாப்பிள்ளையே பரிமாற வேண்டும் என்ற வழக்கம் இருந்ததாம். அக்கா ஊற்றுகிறவர் பக்கம். “சிந்தாம ஊத்துறதுல எவ்வளவு கவனம் பாரு, சொந்த வீட்டு விசேஷம்னாத்தான் அப்படி வரும்” என்பது அவள் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நான் காட்ட வந்தது சுவரை. பின்னால் மஞ்சளாய் இருப்பது சுவர் இல்லை, கூரை வரை அடுக்கிய கதிர்க்கட்டு. அதில் வைக்கோல் வாரும் பல் வைத்த கோல் ஒன்று செருகியிருக்கிறது, அதன் மேல் இரண்டு கதிர்க்கட்டுகள் குறுக்காகத் தொங்குகின்றன. அறுப்பு முடிந்துவிட்டது, களஞ்சியம் நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் கல்யாணம். பஞ்ச ஆண்டு கடந்து இரண்டே ஆண்டு. அன்றைக்கு இந்த ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் என்னவாய்ப் பட்டிருக்கும்!

மேசையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். ரொட்டி, கஞ்சி, குடுவை. கறி எங்கேயும் தெரியவில்லை. பெருந்தீனியைக் கண்டிக்க வரைந்த படம் என்று இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கஞ்சி குடிப்பதா பெருந்தீனி? முன்னால் தரையில் ஒரு குழந்தை, கண்ணை மறைக்கிற பெரிய தொப்பி, அதில் மயிலிறகு. தட்டை ஒரு கையில் பிடித்து விரலால் வழித்து நக்குகிறது. பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடும் பிள்ளையை யார் தீனிப்பண்டாரம் என்பார்கள்? பைக்குழல்காரர்களில் ஒருவர் வாசிப்பதை நிறுத்தி வரும் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தாடை சவரம் செய்யாமல், கண்ணில் பசி. அவர் முறை எப்போது வருமோ. விசேஷ வீட்டில் கடைசிப் பந்தி மேளக்காரர்களுக்குத்தான் என்று அக்கா சொன்னாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்த முகத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றாள்.

வலது ஓரத்தில் கறுப்புடை அணிந்த கனவான், இடுப்பில் வாள், பிரான்சிஸ்கன் துறவி ஒருவரோடு பேசுகிறார். நிலக்கிழாராய் இருக்கலாம். கவிழ்த்த தொட்டி மேல்தான் அவருக்கும் இடம், அவருக்கென்று தனி நாற்காலி இல்லை. தூரத்தில் வாசலில் இன்னும் ஆட்கள் நெரித்துக்கொண்டு நிற்கிறார்கள். 1546இல் கல்யாண விருந்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று ஒரு ஆணை இருந்தது. வாசலில் நிற்பவர்களையும் சேர்த்தால் இந்தக் கல்யாணம் அதைத் தாராளமாய்த் தாண்டுகிறது. ஓவியர் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

ஞாயிறு, வியன்னா

மறுபடியும் அதே அறை, இன்று ‘குடியானவர் நடனம்’. அதே அளவுப் பலகை, கையெழுத்தும் இருக்கிறது. வெளிப்புறம், கெர்மிஸ் நாள். வலதுபுறமிருந்து ஒரு வயதான ஆணும் அவர் இழுத்து வரும் பெண்ணும் ஆட்டத்துக்குள் ஓடி வருகிறார்கள், கால் தரையில் பாவவில்லை. இடதுபுறம் பைக்குழல்காரர், அவரை ஒட்டி மயிலிறகுத் தொப்பி இளைஞன் ஒருவன் குடுவையோடு. மேசையில் வாய்ச்சண்டை, கைகள் நீள்கின்றன. பின்னால் ஒரு ஜோடி வெளிப்படையாய் முத்தமிடுகிறது. மரத்தில் மாதாவின் படம் கட்டியிருக்கிறது, அடியில் ஒருவரும் நிற்கவில்லை. தேவாலயம் தூரத்தில்.

நேற்றைய ஓவியத்தைவிட இதில் கண்டிப்பு சற்று அதிகம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புனிதர் நாளில் புனிதரை மறந்தார்கள் என்று படம் சொல்கிறது, மாதா படத்தைக் காரணமில்லாமல் அங்கே கட்டியிருக்க மாட்டார். இவை குடியானவரைக் கண்டிக்கும் படங்களா, அவர்களோடு சேர்ந்து மகிழும் படங்களா என்று 1970களில் கலை வரலாற்றாளர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. இரண்டு பக்கமும் நல்ல சான்றுகள் இருந்தன. நான் எந்தப் பக்கம் என்பது நேற்று எழுதியதிலேயே தெரிந்திருக்கும். ஆனால் இந்த ஓவியத்துக்கும் நான் அதே பக்கம்தான், காரணம் அந்த இரண்டு சிறுமிகள். இடது முன்புறத்தில் பெரியவர்களைப் பார்த்துத் தாங்களும் ஆடுகிறார்கள். பெரியவள் சின்னவள் கையைப் பிடித்து அடி சொல்லிக் கொடுக்கிறாள். சின்னவளுக்கு இன்னும் கால் வரவில்லை. கண்டிக்க வந்தவருக்கு இந்தப் பிள்ளைகள் தேவையே இல்லை. கெர்மிஸுக்குப் போய், நின்று, பார்த்தவருக்குத்தான் இவர்கள் கண்ணில் படுவார்கள்.

ப்ரூகெல் சாகும்போது மூத்த மகன் பீட்டருக்குச் சுமார் ஐந்து வயதுதான். வளர்ந்தபின் அவர் அப்பாவின் கல்யாணங்களையும் கெர்மிஸ்களையும் மறுபடி மறுபடி வரைந்து விற்றார், ஐரோப்பா முழுக்க அவை பரவிக் கிடக்கின்றன. 1630களில் ரூபென்ஸ் தன் கெர்மிஸை வரைந்தார், அது பாரிஸில் லூவரில் இருக்கிறது. அதில் ஆட்கள் புயல் மாதிரி சுழல்கிறார்கள், முகம் பிடிபடாது. ப்ரூகெலிடம் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு.

போகிறவர்களுக்கு ஒன்று. பத்தாம் அறையில் ‘பாபேல் கோபுரம்’ முன்னாலும் ‘பனியில் வேடர்கள்’ முன்னாலும்தான் கூட்டம் நிற்கும். காலையிலேயே போய்விடுங்கள், கல்யாணம் உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும். முதலில் இடது மூலையில் ஊற்றுகிறவர் கையிலிருந்து தொடங்குங்கள், அங்கிருந்து குழந்தை, குழந்தையிலிருந்து கதவு, கதவிலிருந்து நீட்டிய கை, கையிலிருந்து மேசை வழியே மணப்பெண். மாப்பிள்ளை யார் என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்கு எழுதுங்கள். அக்கா தன் ஆளை விட்டுக்கொடுப்பதாய் இல்லை.